சங்கீத ஆராய்ச்சியும் சுயபுத்தியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் ரோமன் ரோலந்தைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ரோமன் ரோலந்து என்ற பிரஞ்சுப் பண்டிதருடைய வாழ்க்கையாகும். அவர் ஒரு சங்கீத ஆராய்ச்சிக்காரர் என்று தலைவர் சொன்னவுடனே, "சங்கீதத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கச்சேரியா நடக்கப்போகிறது?" என்று ஒரு தோழர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. கேட்டது நியாயம்தான். ரோலந்து கச்சேரி செய்து பிழைத்தவரல்ல. சங்கீதத்தின் சரித்திரத்தைத் தோண்டி எடுத்தவர்; பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்; நாடகமும் நாவலும் எழுதியவர். 1915ஆம் வருஷத்து நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது. ஆனால் பரிசு வாங்கினார் என்பதற்காக நான் இவரைப் பற்றிப் பேச வரவில்லை. பரிசு வாங்கினவர்களைப் பற்றியெல்லாம் பேசுவதென்றால் வருஷம் முழுவதும் பேசிக்கொண்டேயிருக்கலாம். ஒருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இராது.

ஊர் முழுவதும் வெறிபிடித்து ஒரே பக்கமாய் ஓடுகிற காலத்தில் படித்தவன் என்ன செய்ய வேண்டும்? கூட ஓடுவதா? வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதா? அல்லது நடுத்தெருவில் நின்று "இது தப்பு" என்று சொல்வதா? இந்தக் கேள்வி இவர் தலைமேல் வந்து விழுந்தது. இவர் மூன்றாவது காரியத்தைச் செய்தார். அதைச் செய்யும் துணிவு இவருக்குப் பெரும்பாகம் சங்கீத ஆராய்ச்சியிலிருந்தே வந்தது என்பது என்னுடைய அபிப்பிராயம். அது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இவர் 1866ஆம் வருஷம் ஜனவரி 29ந் தேதி பிரான்சு தேசத்தில் கிளாமசி என்ற சிறு பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் பத்திரங்கள் எழுதிப் பதியும் நோட்டரி உத்தியோகஸ்தர். தாயார் கத்தோலிக்க மதத்தில் மிகுந்த பக்தியுள்ளவர்; பியானோ வாத்தியம் வாசிப்பதில் பிரியமுள்ளவர். பிள்ளைக்குத் தாய் இரண்டையும் கொடுத்தாள். வாத்தியத்தைப் பிள்ளை சாகும்வரை விடவில்லை. மாதா கோவிலுக்குப் போவதைப் பையனாயிருக்கும்போதே விட்டுவிட்டார். பிள்ளை நன்றாய்ப் படிக்க வேண்டுமென்பதற்காக 1880இல் தகப்பனார் ஊரிலிருந்த தொழிலை விட்டுவிட்டுப் பாரிசுக்குக் குடிபோய் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்த்தார். பையனோ, உபாத்தியாயர்களைத் தயார் செய்யும் பெரிய கலாசாலையின் பிரவேசப் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். பாடப்புத்தகத்தை வைத்துவிட்டு ஷேக்ஸ்பியரையும் பேதோவனையும் கட்டிக்கொண்டு அழுததன் பலன்! 1886இல் மூன்றாம் தடவையாகத்தான் உள்ளே நுழைய முடிந்தது. பரீட்சையில் தவறிய பிள்ளைகளைப் பெற்ற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மாணவராயிருக்கும்போது ஒரு சம்பவம் நடந்தது. ருஷியாவில் டால்ஸ்டாய் என்ற மகா எழுத்தாளர், ஏழை உழைத்துச் சாகும் உலகத்தில் பாட்டு எதற்கு, சித்திரம் எதற்கு என்று கண்டித்து எழுதியிருந்தார். டால்ஸ்டாயைத் தெய்வம் மாதிரி நினைத்திருந்த இந்தப் பிள்ளைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "நான் சங்கீதத்தை விட்டுவிட வேண்டுமா?" என்று 1887இல் கடிதம் எழுதிவிட்டார். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உலகப் பிரசித்தி பெற்ற கிழவர், பெயர் தெரியாத பையனைச் "சகோதரரே" என்று விளித்துப் பக்கம் பக்கமாகப் பிரஞ்சு பாஷையிலேயே பதில் எழுதினார். அந்த அன்பை ரோலந்து கடைசிவரை மறக்கவில்லை. 1911இல் டால்ஸ்டாயின் சரித்திரத்தையும் எழுதினார். ஆனால் கிழவர் சொல்லிவிட்டார் என்பதற்காக வாத்தியத்தை மூடி வைத்தாரா? இல்லை. பிற்காலத்தில் டால்ஸ்டாய் பேதோவனையே கண்டித்தபோதும் இவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெரியவர் என்று மரியாதை செய்வது வேறு, அவர் சொன்னதையெல்லாம் விழுங்குவது வேறு என்பது 21 வயதிலேயே இவருக்குத் தெரிந்திருந்தது.

நிற்க. 1889இல் சரித்திர பாடத்தில் தேர்ந்து, பிரஞ்சு அரசாங்கம் ரோமாபுரியில் நடத்தும் ஆராய்ச்சி சாலைக்கு இரண்டு வருஷம் அனுப்பப்பட்டார். பழைய தஸ்தாவேஜுகளைப் படிக்க அனுப்பினார்கள்; இவர் பழைய பாட்டுச் சுவடிகளைத் தேட ஆரம்பித்துவிட்டார். இதிலிருந்து பிறந்ததுதான் 1895இல் பாரிசு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சி நூல். "லுல்லிக்கும் ஸ்கார்லாட்டிக்கும் முந்திய ஐரோப்பிய ஆப்பராவின் சரித்திரம்" என்பது அதன் விஷயம். ஆப்பரா என்றால் வசனம் பேசுவதற்குப் பதிலாகப் பாட்டாகவே நடத்தும் நாடகம்; பின்னால் பெரிய வாத்தியக் கூட்டம் வாசிக்கும்.

அக்காலத்தில் சங்கீதத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இருந்த எண்ணம் என்ன? சிலருக்கு அது சாப்பாட்டுக்குப் பின் கேட்கும் பொழுதுபோக்கு. மற்றவர்களுக்கு அது ஆகாயத்திலிருந்து இறங்கி வந்த தெய்வீகம். இரண்டு கட்சியாருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அதாவது, இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை என்பது. வேடிக்கைப் பொருளுக்கு ஆராய்ச்சி எதற்கு? தெய்வீகப் பொருளை ஆராய மனிதன் யார்? ரோலந்து இந்த இரண்டையும் தள்ளிவிட்டு, சங்கீதம் மனிதன் செய்த வேலை, மனிதன் செய்த வேலைக்கு நாளும் கிழமையும் ஊரும் காரணமும் இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

ஆப்பரா எப்படிப் பிறந்தது என்று ஒரு கதை வழங்கி வந்தது. 1600ஆம் வருஷத்தை ஒட்டி இத்தாலியில் பிளாரன்சு நகரத்துப் பிரபுக்களும் பண்டிதர்களும் சிலர் கூடி, பழைய கிரேக்க நாடகத்தை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். ஆப்பரா பிறந்துவிட்டது என்பது கதை. 1600இல் பிரான்சு ராஜாவின் கலியாணத்துக்காக அங்கே பெரி என்பவர் செய்த பாட்டு நாடகம் நடந்ததும், 1607இல் மாந்துவா நகரில் மாண்டெவெர்டி என்பவருடைய நாடகம் நடந்ததும் வாஸ்தவம்தான். ஆனால் ரோலந்து, "ஆப்பராவுக்கு முன்னே ஆப்பரா உண்டா?" என்று கேட்டார். தேடினார். உண்டு என்று கண்டார். அதற்கு நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே பிளாரன்சு ஜனங்கள் கோவில்களில் பாட்டோடு நாடகம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டுக் குடியானவர்கள் மே மாதத்தில் பாடி ஆடும் ஆட்டங்களும் இருந்தன. பண்டிதர்கள் ஏதோ கிரேக்க தேசத்திலிருந்து கொண்டுவந்தோம் என்று நினைத்தார்களேயொழிய, சரக்கில் பெரும்பகுதி பக்கத்துத் தெருவிலேயே கிடந்தது.

அந்தக் கோவில் நாடகங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. புருனெல்லெஸ்கி என்று ஒரு பெரிய கட்டிடக் கலைஞர். பிளாரன்சு நகரத்துப் பெரிய கோவிலின் கும்மட்டத்தைக் கட்டியவர். அவர் இந்த நாடகங்களுக்காக மோட்சத்தையே இயந்திரமாகச் செய்து கொடுத்தார். கோவிலின் மேற்கூரையில் ஒரு அரைக்கோளம். அதில் தேவதூதர் வேஷம் போட்ட சிறு பையன்கள். சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி விளக்குகள். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு தூதன் மேரிக்குச் சேதி சொல்லக் கீழே இறங்குவான். கீழே இருந்த பக்தர்களுக்கு அற்புதம்! மேலே இருந்தவர்களுக்கோ கயிறும் கப்பியும்! கயிறு இழுத்தவனுடைய கையில்தான் மோட்சம் இருந்தது. ரோலந்து இதைக் கேலி செய்ய எழுதவில்லை. நாடகக் கலை எந்த எந்தச் சாமான்களைச் சேர்த்து வளர்ந்தது என்று காட்டவே எழுதினார். கேலி என்னுடையது.

இந்த ஆராய்ச்சியிலிருந்து அவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும் உடன்படிக்கைகளும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஜனசமூகத்தின் உள்ளுயிர் இவற்றில் இல்லை, பல சமயங்களில் அது பாட்டில்தான் இருக்கிறது என்றார். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியைப் பாருங்கள். ராஜாங்கம் சிதறி, அந்நியர் காலடியில் கிடந்த தேசம். சரித்திரப் புத்தகக்காரர்கள் அதைச் செத்த தேசமென்று இரண்டு வரியில் தள்ளிவிடுவார்கள். அந்தக் காலத்தில்தான் அதன் சங்கீதம் ஐரோப்பா முழுவதையும் ஆண்டுகொண்டிருந்தது. ஜெர்மனியோ முப்பது வருஷம் யுத்தத்தில் வெந்து சாம்பலான தேசம். அதன் பாட்டுக்காரர்கள் அந்தச் சாம்பலிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலும், சங்கீதத்துக்கு எல்லைக் காவல் கிடையாது. லுல்லி பிறந்தது பிளாரன்சில். அவர் உண்டாக்கியதோ பிரஞ்சு ஆப்பரா. ஹாண்டெல் ஜெர்மனியில் பிறந்தார், இத்தாலியில் கற்றார், இங்கிலாந்தில் செத்தார். "எங்கள் தேசத்துச் சொந்தச் சரக்கு" என்று மார்தட்டுகிறவன் சரித்திரத்தைப் படிக்காதவன் என்பது அதன் அர்த்தம். தோழர்களே! இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1914இல் இது வேலைக்கு வரும்.

பிறகு அவர் தாம் படித்த கலாசாலையிலும், 1904 முதல் ஸார்பான் என்னும் பாரிசு சர்வகலாசாலையிலும் சங்கீத சரித்திரம் போதித்தார். சும்மா பேசுவதோடு நில்லாமல் பியானோவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியும் பாடம் சொல்லுவார். 1901இல் கொம்பாரியே முதலிய நண்பர்களோடு சேர்ந்து சங்கீத சரித்திரத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். முன்சொன்ன மாண்டெவெர்டியின் நாடகம் ஏடுகளில் தூங்கிக் கிடந்தது போய் 1904இல் பாரிசில் மறுபடியும் பாடப்பட்டது. அதைப் பாட வைத்தவர் வேறொரு சங்கீத வித்வானேயானாலும், ஏட்டைத் திறந்து வைத்தவர்களில் ரோலந்தும் ஒருவர்.

ஆனால் சர்வகலாசாலையோடு அவருக்குத் திருப்தியில்லை. 1903இல் "ஜனங்களின் நாடகம்" என்றொரு நூல் எழுதினார். பணக்காரன் ஜீரணத்துக்காக நடக்கும் நாடகத்தை விட்டு, நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவனுக்கென்று நாடகம் வேண்டும். அது அவனுக்குச் சந்தோஷத்தைத் தரவேண்டும், தெம்பைத் தரவேண்டும், புத்தியைத் தரவேண்டும் என்றார். களைத்து வருகிறவனை உட்காரவைத்து நீதி போதிக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். அதே வருஷத்தில் பேதோவன் சரித்திரத்தையும் சிறு புத்தகமாக வெளியிட்டார். குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்து, முப்பது வயதுக்குள் காது மந்தமாகி, பிறகு முற்றும் செவிடாகி, தான் செய்த சங்கீதத்தைத் தானே கேட்க முடியாத மனிதன் 1824இல் ஒன்பதாவது சிம்பொனியைக் கொடுத்த கதை அது. சிம்பொனி என்றால் வாத்தியக் கூட்டம் முழுவதும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. ஆராய்ச்சியாளர் என்ற முறையில் பார்த்தால் அந்தச் சிறு புத்தகத்தில் உணர்ச்சி அதிகம், தராசு கொஞ்சம் குறைவு. அவருக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 1928 முதல் சாகும்வரை அதே பேதோவனைப் பற்றிப் பல வால்யூம்களாக நிதானமாக எழுதினார்.

அடுத்தது, 1904 முதல் 1912 வரை பத்துப் பாகமாக வந்த "ழான் கிரிஸ்தோப்" என்ற நாவல். இதன் கதாநாயகன் யார் தெரியுமா? ஒரு ஜெர்மானியன், பாட்டுக்காரன், பிழைக்கப் பாரிசுக்கு வருகிறவன். 1870 யுத்தத்தில் ஜெர்மனியிடம் தோற்று, இரண்டு ஜில்லாக்களைப் பறிகொடுத்துவிட்டு, பழிக்குப் பழி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்த தேசத்தில், ஒரு பிரஞ்சுக்காரர் ஜெர்மானியனைக் கதாநாயகனாக வைத்து எழுதினார் என்றால் அதன் துணிவை யோசித்துப் பாருங்கள். பேகி என்ற நண்பருடைய சிறு பத்திரிகையில் கூலியில்லாமல் எழுதினார். 1910இல் மோட்டார் வண்டி மோதிப் பல மாதம் படுக்கையிலிருந்தார்; 1912இல் உபாத்தியாயர் வேலையை ராஜிநாமா செய்தார். 1913இல் பிரஞ்சு அகாடமி அந்த நாவலுக்குப் பெரிய பரிசு கொடுத்தது. அதாவது, தேசமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டது.

அடுத்த வருஷம் அதே தேசம் கீழே போட்டு மிதித்தது.

1914 ஆகஸ்டில் யுத்தம் வெடித்தபோது இவருக்கு வயது 48, சுவிட்சர்லாந்தில் இருந்தார். பாரிசில் பெர்க்ஸன் என்ற பெரிய தத்துவ ஞானி, இது நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நடக்கும் யுத்தம் என்று பண்டித சபையிலேயே பேசினார். ஜெர்மனியில் 93 பண்டிதர்கள் ஒன்றாய்க் கையெழுத்துப் போட்டுத் தங்கள் பட்டாளம் ஒரு பாவமும் அறியாது என்று அறிக்கை விட்டார்கள். சான்-சான்ஸ் என்ற பிரஞ்சு சங்கீத மேதை, வாக்னர் ஜெர்மானியராகையால் அவர் சங்கீதத்தைப் பிரான்சில் வாசிக்கக்கூடாது என்று பத்திரிகையில் எழுதினார். செத்து முப்பது வருஷமான வாக்னர் பீரங்கியா தூக்கி வந்தார்? படித்தவன் வெறிகொண்டால் படியாதவனைவிட மோசம் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை. படியாதவனுக்குக் கோபம் மட்டும் வரும்; படித்தவன் கோபத்துக்குச் சாஸ்திரமும் எழுதிக் கொடுப்பான்.

ரோலந்து என்ன செய்தார்? ஜெர்மானியப் பட்டாளம் பெல்ஜியத்தில் லூவேன் நகரத்துப் புஸ்தகசாலையைக் கொளுத்தியதும், ஜெர்மானிய நாடகாசிரியரான ஹாப்ட்மனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆகையால் இவர் ஜெர்மனி செய்த அக்கிரமத்தை மூடினார் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு 1914 செப்டம்பரில் ஜினீவா பத்திரிகையில் "சண்டைக்கு மேலே நின்று" என்ற பிரசித்தமான கட்டுரையை வெளியிட்டார். ஆளும் கூட்டத்தைக் கண்டிக்கிறேன், ஒரு ஜனசமூகம் முழுவதையும் பகைக்க மாட்டேன் என்பதே அதன் சாரம். அதில் இரண்டு கட்சியாரை விசேஷமாகப் பிடித்துக் கேட்டார். ஒருவர், மனிதரெல்லாம் சகோதரரென்று போதித்துவிட்டு இரண்டு பக்கத்திலும் துப்பாக்கிக்கு ஆசீர்வாதம் செய்த கிறிஸ்தவப் பாதிரிமார். மற்றொருவர், தொழிலாளருக்குத் தேசமில்லையென்று பேசிவிட்டு மறுநாளே தேசக்கொடிக்குப் பின்னால் ஓடிய சோஷியலிஸ்ட் தலைவர்கள். ஒரே கடவுளிடம் இரண்டு சேனையும் ஜெயம் கேட்டால் அந்தக் கடவுள் யாருக்குக் கொடுப்பார் என்று நம்முடைய ஊர்ச் சிறுவன்கூடக் கேட்பான்; அங்கே அதைப் பண்டிதர்கள் கேட்கவில்லை.

அவ்வளவுதான். துரோகி, ஜெர்மன் கைக்கூலி என்று பாரிசுப் பத்திரிகைகள் கிழித்தன. கட்டுரை முழுவதையும் போடாமல் அங்கொரு வரியும் இங்கொரு வரியும் வெட்டிப் போட்டுத் திட்டினார்கள். ஸார்பானில் கூட இருந்த பண்டிதர்களே எதிர்த்தார்கள். 1915இல் இவரைத் தேசவிரோதியென்று சொல்லத் தனிப் புத்தகமே வந்தது. முன்னே ஜெர்மானியனைக் கதாநாயகனாக்கியதும் இப்போது குற்றப் பத்திரிகையில் சேர்ந்துவிட்டது! ஜெர்மானியருக்கும் இவரிடம் திருப்தியில்லை. அவர்கள் அக்கிரமத்தையும் எழுதினாரல்லவா?

ஆனால், இவர் எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது. ஜினீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தார் யுத்தக் கைதிகளைப் பற்றி விசாரிக்க ஒரு காரியாலயம் வைத்திருந்தார்கள். பிடிபட்ட சிப்பாய்க்காவது உடன்படிக்கை, சட்டம் என்று ஏதோ ஒன்று இருந்தது. பட்டாளம் இழுத்துக்கொண்டு போன சாதாரணக் குடிஜனங்களைக் கேட்க நாதியில்லை. அந்தக் குடிஜனங்களுக்கான பிரிவில் 1914 அக்டோபர் முதல் அடுத்த ஜூலை வரை ரோலந்து சம்பளமில்லாத குமாஸ்தாவாக உட்கார்ந்து, "என் புருஷன் எங்கே? என் பிள்ளை எங்கே?" என்று மூட்டை மூட்டையாய் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். 1916இல் வந்து சேர்ந்த நோபல் பரிசுப் பணத்தையும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் மற்ற உதவிக் காரியங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். யுத்தம் முடிந்தபின் 1919 ஜூன் மாதத்தில் "புத்தியின் சுதந்திரப் பிரகடனம்" என்ற ஓர் அறிக்கையை வெளியிட்டார். யுத்தகாலத்தில் பண்டிதர்கள் தங்கள் புத்தியை அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டார்கள், இனி விடக்கூடாது என்பது அதன் கருத்து. ஐன்ஸ்டீன், ரஸ்ஸல், தாகூர் முதலியோர் கையெழுத்திட்டார்கள்.

இந்தியாவோடும் இவருக்குச் சம்பந்தமுண்டு. 1926இல் தாகூர் இத்தாலிக்குப் போய் முஸோலினியின் உபசாரத்தில் மயங்கி நல்ல வார்த்தை சொல்லிவிட்டு ரோலந்து வீட்டுக்கு வந்தார். "உபசாரம் கண்டீர்கள், சிறைச்சாலை கண்டீர்களா?" என்ற ரீதியில் விஷயத்தை எடுத்துச் சொல்லி, தாகூர் தமது வார்த்தையைத் திருத்தும்படி செய்தவர் இவரே. காந்தியாரைப் பற்றி 1924இல் புத்தகம் எழுதினார். 1931 டிசம்பரில் காந்தியார் இவர் வீட்டில் சில நாள் தங்கினார். அவரும் ரோமாபுரிக்குப் போவதாயிருந்தார், இவர் எச்சரித்தார், அவர் போய்த்தான் வந்தார். காந்தியார் கேட்டுக்கொண்டதற்காக பேதோவனுடைய ஐந்தாவது சிம்பொனியில் ஒரு பாகத்தை இவர் பியானோவில் வாசித்துக் காட்டினார்.

இனி, இவரிடம் நமக்குப் பிடிக்காததையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இது சொற்பொழிவல்ல, பஜனை. 1929இல் ராமகிருஷ்ணரைப் பற்றியும் 1930இல் விவேகானந்தரைப் பற்றியும் இவர் புத்தகங்கள் எழுதினார். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை, இங்கிலீஷும் தெரியாது, சகோதரி படித்துச் சொல்ல எழுதினார். இத்தாலி ஏடுகளை ஒன்றொன்றாய்த் தட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர், பக்தர்கள் எழுதி வைத்ததில் பெரும்பாகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். மதமெல்லாம் மயக்கம் என்று பிராய்டு என்ற மனோதத்துவ நிபுணர் 1927இல் எழுதியபோது, "மதத்துக்கு அடியில் எல்லையற்ற சமுத்திரம் போன்ற ஓர் உணர்ச்சி இருக்கிறதே" என்று இவர் அவருக்குக் கடிதம் எழுதினார். "அப்படி ஒன்றை என்னிடத்தில் நான் காணவில்லை" என்று பிராய்டு தமது அடுத்த நூலில் மரியாதையாகவே பதில் சொன்னார். நான் பிராய்டு கட்சி.

அதைவிடப் பெரிய குறை மற்றொன்று. 1935இல் மாஸ்கோவுக்குப் போய் ஸ்டாலினைக் கண்டார். சிறைப்பட்டிருந்த எழுத்தாளர் விக்தர் ஸெர்ஜுக்காகப் பேசினார்; அடுத்த வருஷம் ஸெர்ஜ் விடுதலையானார். ஆனால் அங்கே கண்டதையும் சந்தேகித்ததையும் டைரியில் எழுதி, 50 வருஷத்துக்குத் திறக்கக்கூடாதென்று முத்திரை போட்டு வைத்துவிட்டார். அது 1992இல்தான் அச்சாயிற்று. 1937இல் புகாரின் உயிருக்காக ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார், பகிரங்கமாக எழுதவில்லை. புகாரினை 1938இல் சுட்டுக் கொன்றார்கள். ஹிட்லரை எதிர்க்க ருஷியா வேண்டும், ஆகவே இப்போது வாய் திறக்கக்கூடாது என்பது அவர் சொல்லிக்கொண்ட சமாதானம். 1914இல் பெர்க்ஸனுக்கும் இப்படி ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

ஹிட்லர் விஷயத்தில் மட்டும் தடுமாறவில்லை. 1933இல் ஜெர்மன் அரசாங்கம் கொடுக்கவந்த கதே பதக்கத்தை வேண்டாமென்று திருப்பினார். 1938இல் சுவிட்சர்லாந்தை விட்டுத் தாம் பிறந்த ஊருக்குச் சமீபத்திலுள்ள வெஸலே என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். 1940இல் ஜெர்மானியப் பட்டாளம் அந்த ஊருக்குள்ளும் வந்துவிட்டது. வயது 74, காசநோய் இளமையிலிருந்தே தொந்தரவு. தெருவில் ஜெர்மானியச் சிப்பாய் பூட்ஸ் சத்தம். உள்ளே இந்தக் கிழவர் பேதோவன் என்ற ஜெர்மானியனுடைய ஒன்பதாவது சிம்பொனியைப் பற்றியும் கடைசி உருப்படிகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார். 1944 டிசம்பர் 30ந் தேதி காலமானார். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாகம் அடுத்த வருஷம் வெளிவந்தது.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டதாகத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சந்தேகமுள்ள தோழர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறேன்.